அந்தத் தெருவுக்குப் போகாத நகல்

மதியத் தூக்கம் கெட்ட குழந்தை ராத்திரி முழுக்க வீட்டை இரண்டாக்கிவிடும். பெற்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அண்ணி என்னிடம் கேட்டது அதற்காகத்தான், சார்.

அண்ணன் ரசாயன ஆலையில் வேலை பார்க்கிறான். ஆலைக் குடியிருப்பில் அவன் வீடு தெருமுனை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே. விஷவாயு கசிந்தால் எச்சரிக்க வைத்தது. தினமும் மதியம் சோதனை என்று அலறும்.

"தம்பி, உங்க கம்பெனி லைன்லதானே அந்தச் சத்தம் வருது? எங்க தெருவுக்கு மட்டும் நிறுத்த முடியாதா? புள்ள தூக்கிவாரிப் போட்டு எழுந்திரிக்குது."

"செய்யலாம் அண்ணி. அண்ணன்கிட்டகூட மூச்சு விடாதீங்க. என் வேலை போயிடும்."

நான் தொலைத்தொடர்பு கம்பெனியில் இன்ஜினியர். ஆலையின் வி.பி.என். என் பொறுப்பில் இருந்தது. எல்லாரும் பயன்படுத்தும் எங்கள் கம்பிகளுக்குள் அந்த ஆலைக்கென்றே ஒதுக்கிய தனிப்பாதை அது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அறிவிப்பு ஒரே தடவைதான் கிளம்பும். மல்டிகாஸ்ட் என்போம். பாதை பிரிகிற இடங்களில் எங்கள் ரூட்டர்கள் அதை நகலெடுக்கும். 'எனக்கும் வேண்டும்' என்று கேட்டிருக்கிற கிளைக்கு ஒரு நகல் போகும். கேட்காத கிளைக்குப் போகாது. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது. அந்தத் தெருவின் ஒலிபெருக்கி அப்படி 'வேண்டும்' என்று கேட்பது எங்கள் ரூட்டருக்கு எட்டாதபடி ஒரு வரியில் தடுத்துவைத்தேன். ஆலையில் ஒருவரும் கவனிக்கவில்லை. தெருக்காரர்கள் சந்தோஷமாகத் தூங்கினார்கள்.

அன்றைக்கு அறிவிப்பு கிளம்பியபோது நான் பணியில் இருந்தேன். ஹெட்போனில் கேட்டேன். இது சோதனை அல்ல, உடனே வெளியேறுங்கள் என்றது குரல். மற்ற எல்லாத் தெருக்களுக்கும் நகல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை அழிக்கக் கை போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். அழித்தால் அந்த நேரத்தில் என் பெயர் பதிவாகும். விட்டுவிட்டால் ஒலிபெருக்கி பழுது என்று போய்விடும். பழுதுக்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

அப்போது போன் அடித்தது.

"தம்பி, தூரத்துல எங்கயோ சத்தம் கேக்குது. சோதனை நேரம்கூட இல்லையே. நெஜமா?"

"சோதனைதான் அண்ணி. ஜன்னலை மூடிட்டுப் படுங்க."

"அப்பாடா. புள்ள இப்பதான் கண்ணசந்துச்சு."

அண்ணி அதை அக்கம்பக்கத்திலும் சொல்லியிருக்கிறார். கொழுந்தன் அந்த வேலையில் இருக்கிறான், விசாரித்துவிட்டேன் என்றாராம். பையோடு கிளம்பியவர்கள்கூட வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள் என்பது, அந்தத் தெருவில் பிழைத்த ஒருவர் உங்களிடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அண்ணன் முகமூடியோடு ஆலைக்குள் இருந்ததால் தப்பினான். பிணவறை வாசலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "கடைசியா உன்கிட்டதான்டா பேசியிருக்கா. என்னடா சொன்னா?" என்றான்.

"புள்ள தூங்குதுன்னு சொன்னாங்க."

அதில் பொய் இல்லை.

பயத்தில் வாய் தவறிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஓடுங்கள் என்று சொல்லியிருந்தால் அண்ணி பிள்ளையோடு பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால், ஒலிபெருக்கி ஏன் வாய் திறக்கவில்லை என்று விசாரணை வரும்போது என் பெயரைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். போனை எடுப்பதற்கு முன்பே அதை யோசித்து முடித்திருந்தேன்.

மற்றபடி அண்ணிமேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, சார்.