கறுப்பு நெயில் பாலிஷ்

– அந்தப் பெட்டிய அப்படியே குப்பையில போடு, த்ராம். நாளைக்கு அம்மாவோட நாப்பத்தொன்பதாம் நாள் காரியம். பிக்கு வர்றதுக்குள்ள வீடு ஒழியணும்.

– அக்கா, மேல 'ஹானுக்கு'ன்னு உன் பேரு போட்டிருக்கே! அம்மா கையெழுத்து.

– எனக்கு அவங்களோடது எதுவும் வேணாம்.

– செத்தவங்க மேல இன்னும் என்னக்கா கோவம்?

– உனக்கு அப்ப நாலு வயசு, எனக்கு ஒம்பது. நூலகத்துல எடுத்துட்டு வந்த புத்தகத்துல மஞ்சமுடிக்காரி ஒருத்தி விடாம எல்லார் முடியிலயும் யாரோ கறுப்பு பூசி வெச்சிருந்தாங்க. யாரு வேலைன்னு அந்த நூலகக்காரி சிரிச்ச முகத்தோடயே கேட்டா. நான்தான்னேன்.

– நீயா பண்ணே?

– நீ பண்ணதுடி! சின்னப் புள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு நான் ஏத்துக்கிட்டேன். என் கண்ணு முன்னாடியே என் நூலகக் கார்டை வெட்டிப் போட்டா. நம்ம அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு 'தேங்க் யூ, தேங்க் யூ'ன்னு சிரிக்கிறாங்க! அன்னிக்கோட கதைப் புத்தகத்தையே விட்டேன். சோறு தண்ணி இல்லாம படிச்சவ நான்.

– ஐயையோ, அப்ப சைகோன்லருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகலையேக்கா. அம்மாவுக்கு இங்கிலீஷ் எங்க புரியும்?

– பெத்த புள்ள மூஞ்சியுமா புரியாது?

– அக்கா, சத்தியமா நான் பூசல. எனக்கு ஞாபகமே... இரு, பெட்டியத் தொறந்துட்டேன். பூரா புத்தகம்! பழசா வாங்கின குழந்தைப் புத்தகம். இந்த இளவரசிக்குக் கறுப்பு முடி. இவளுக்கும். ஐயோ, நீலக் கண்ணுகூட கறுப்பாயிருக்கு!

– குடு இங்க... இது நெயில் பாலிஷ்டி. அம்மா வேலை பார்த்த நெயில் பாலிஷ் கடையில, வர்றவங்க நகத்துல பூப்போட ஒத்தமுடி பிரஷ் வெச்சிருப்பாங்களே, அதுல பூசினது.

– அப்ப அம்மாவா?

– அதுக்கு முன்னாடி அவங்ககிட்டதான் அழுதேன். 'எந்தப் புத்தகத்துலயும் என்னை மாதிரி ஒருத்திகூட இல்லையே'ன்னு.

– நூலகக்காரி பாராட்டுறா, புதுக் கார்டு குடுக்கப் போறான்னு நெனச்சிருப்பாங்கக்கா. அதான் சிரிச்சிருக்காங்க.

– அவ திட்டினத நானாவது நம்ம மொழியில அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடு வர்ற வரைக்கும் வாயே தொறக்கலடி நான். அப்புறமும் தொறக்கல. முப்பது வருஷம்.

– முப்பது புத்தகத்துக்கு மேல இருக்கும் போலிருக்கே.

– நான் படிக்கிறதையே விட்டுட்டேனே, த்ராம். யாருக்குன்னு பூசினாங்க?

– எல்லாத்துக்கும் மேல, கடைசியா வெச்ச புத்தகத்த மோந்து பாருக்கா. பாலிஷ் வாசம் இன்னும் போகல.