முதல் சொட்டு

பழைய லாரி கறுப்புப் புகை விட்டா எடுத்த எடுப்புல எஞ்சினைப் பிரிக்கக் கூடாது சார். முக்கால்வாசி நேரம் கோளாறு இன்ஜெக்டர்லதான் இருக்கும். அதோட நுனியில நாசில்னு ஒண்ணு இருக்குது, சுண்டுவிரல் அளவு. அதுல கண்ணுக்கே சரியாத் தெரியாத நாலஞ்சு ஓட்டை. அது வழியா டீசல் பனி மாதிரி பீய்ச்சணும். பனியா விழாம ஒழுகினா புகையும், இழுவை இருக்காது. கழட்டி, கரியைப் பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சு, சுத்தமான டீசல்ல அலசினாலே பாதி வண்டி சரியாயிடும். நேத்து என்னைக் கூட்டிக்கினு வந்தீங்களே, உங்க ஜீப்பும் அப்படித்தான் புகைஞ்சுது. யாரையாவது விட்டுப் பாக்கச் சொல்லுங்க.

எழுதுறவரு மெதுவாவே எழுதட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

என் பேரு கதிர்வேல். செவிலிமேட்டுல டவுன் பஸ் திரும்புற இடத்துல டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப் வச்சு இருபத்தாறு வருஷம் ஆகுது. எங்க சனத்துல எல்லாரும் தறிக்காரங்க, நான் ஒருத்தன்தான் ஸ்பானர் பிடிச்சவன். செத்துப்போன மயில்வாகனம் என் தங்கச்சி சங்கரியோட வீட்டுக்காரன். ஆரணிக்காரன். ராணிப்பேட்டையில பம்ப் வேலை பாத்துக்கினு இருந்தவன், கல்யாணத்துக்கு அப்புறம் என்கூடவே வந்து சேந்துக்கினான். பதினோரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல வேலை பாத்தோம். சண்டைன்னு ஒரு நாள் வந்தது கிடையாது, அக்கம்பக்கத்துல யாரை வேணா கேட்டுப் பாருங்க.

ஏன் செஞ்சேன்னா, அவன் என் தங்கச்சியைக் கை நீட்டி அடிச்சான். ஒரு நாள் காலையில சங்கரி முந்தானையை இழுத்துப் போத்திக்கினு வந்தா. இடது கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சு கிடந்துச்சு. உதடு கிழிஞ்சு ரத்தம் காஞ்சிருந்துச்சு. கதவுல இடிச்சுக்கினேன் அண்ணான்னு சொன்னா. கதவுக்கு ஏதுமா விரலுன்னு நான் கேக்கல. அன்னைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அவன் ஸ்பானர் பிடிக்கிற வலது கையைப் பாத்துக்கினே இருந்தேன்.

அது கல்யாணமான மறு வருஷம். அதுக்கப்புறம் அவரு என் மேல கையே வச்சதில்ல, பொம்பளைப் புள்ள மாதிரி தாங்குனாருன்னு சங்கரி இப்ப உங்ககிட்ட அழுதிருப்பா. இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அடிச்ச கை அதே கைதானே சார். பத்து வருஷத்துல கை மாறிடுமா.

அந்தக் கையைத்தான் லாரிக்காரங்க தலையில தூக்கி வச்சுக்கினு ஆடுவாங்க. வாலாஜாபாத்லேர்ந்து, உத்திரமேரூர்லேர்ந்து வண்டி வரும். வந்து இறங்கினதும் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாத்து, மயிலு இல்லையான்னு கேப்பாங்க. இருக்கான், வருவான், உக்காருங்கன்னு நானே ஸ்டூல் எடுத்துப் போடுவேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தங்கச்சி புருஷன் நல்லா இருந்தா எனக்குப் பெருமைதானே.

வேணுகோபால்னு ஒருத்தர், செங்கல் ஏத்துற லாரி வச்சிருக்காரு. ஆறு சிலிண்டர், தொண்ணூத்தெட்டு மாடல். லோடு ஏத்தினா மேடு ஏறல, பின்னாடி வர்றவன் மூஞ்சியெல்லாம் கரியாவுதுன்னு திங்கக்கிழமை கொண்டாந்து விட்டாரு. இன்ஜெக்டர் ஆறையும் கழட்டிக் கழுவி, பழைய மாதிரி நாசிலையே புதுசா வாங்கிப் போட்டா போதும்னு நான் சொன்னேன். மயிலு குனிஞ்சு பாத்துட்டு, வேணாம் மச்சான், ஓட்டை சின்னதா இருக்குற புது மாதிரி போட்டு, பிரஷரையும் இருநூத்து முப்பதுக்கு ஏத்திடலாம், வண்டி டீசலைப் பொடிப்பொடியா குடிக்கும், இழுவை வரும்னான். வேணுகோபால் என் தோளைத் தட்டி, "மயிலு சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே. நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க"ன்னாரு. நான் போய் டீ சாப்பிட்டேன். ரெண்டு டீ சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில மயிலு ஆறையும் டெஸ்டர்ல மாட்டி செட் பண்ணான். டெஸ்டர்னா பெரிய மிஷின் இல்ல, மேல ஒரு டீசல் டப்பா, முன்னாடி பிரஷர் காட்டுற முள்ளு, பக்கத்துல கையால அமுக்குற லீவர். லீவரை அமுக்கினா நாசில் பீய்ச்சும்.

எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு பழக்கம் இருக்குது. தறியில புதுப் பாவு நூலை ஏத்தினா தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க இல்ல, அதை நான்தான் இங்க கொண்டாந்தேன். கடைசி நாசிலை செட் பண்ணி முடிச்சதும், செட் பண்ணவன் கண்ணை மூடிக்கினு விரலை நாசில் நுனியில வைக்கணும். நல்ல நாசில் ஒழுகாது, நுனியில ஈரம் மட்டும் மினுங்கும். அந்த ஈரத்தை எடுத்து எஞ்சினுக்குப் பொட்டு வைக்கணும். அதுக்குப் பேரு முதல் சொட்டு. அந்த நேரம் கூட நிக்கிறவன் லீவர்லேர்ந்து கையை எடுத்துடணும். வேற எந்தக் கடையிலயும் இப்படிச் செய்ய மாட்டாங்க, நாசில் நுனிக்கு நேரா விரலைக் காட்டவே விட மாட்டாங்க. எங்க கடையில இருபத்தாறு வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

அன்னைக்கு மயிலு ஆள்காட்டி விரலை வச்சான். கண்ணை மூடினான். உதடு அசைஞ்சுது. நான் லீவர்லேர்ந்து கையை எடுக்கல. ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே அமுக்கா அமுக்கினேன்.

விரலை வெடுக்குன்னு இழுத்துக்கினான். பாத்தா ரத்தமே இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சின்னப் புள்ளி. தப்பா பட்டுடுச்சு மாப்ளேன்னேன். பரவால்ல மச்சான்னு சிரிச்சான். வேஸ்ட் துணியில துடைச்சுக்கினு போய் எஞ்சினுக்குப் பொட்டு வச்சான்.

அந்தப் புள்ளி இன்னான்னு எனக்குத் தெரியும் சார், அவனுக்குத் தெரியாது. சின்ன வயசுல நான் மெட்ராஸ் பாடியில வேலை கத்துக்கினப்போ டேனியல்னு ஒருத்தருக்கு இதே மாதிரி ஆச்சு. எங்க முதலாளி அவரை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு ஓடினாரு. டாக்டரு அப்பவே கையைக் கீறிக் கழுவி விட்டாரு, அதனால விரல் பொழைச்சுது. வெளிய ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், உள்ள டீசல் நரம்போடவே ஓடி உள்ளங்கை, மணிக்கட்டுன்னு ஏறிடும், போற வழியெல்லாம் சதை செத்துப்போகும், ஆறு மணி நேரத்துக்குள்ள வரலைன்னா கை போச்சுன்னு டாக்டரு சொன்னாரு. மயிலுக்குப் பட்டப்போ மணி ஒன்பதே முக்கால். அப்போ மூணே முக்கால் வரைக்கும் அவனைப் பாத்துக்கணும். நான் நெனைச்சது அவ்வளவுதான். கை மட்டும்தான். உயிரை எடுக்கணும்னு சத்தியமா நெனைக்கல.

இன்ஜெக்டரையெல்லாம் மாட்டி வண்டியைக் கிளப்பினோம். புகையே இல்ல, அருமையா ஓடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, அவன் சொன்னதுதான் சரி. ஓட்டிப் பாத்துடலாம் வா மாப்ளேன்னு ஏத்திக்கினு மாகறல் ரோட்டுல விட்டேன். வழியிலயே விரல் மரத்துப் போச்சுன்னான். டீசல் பட்டா அப்படித்தான் இருக்கும்னேன். மாகறல் கோயில்ல இறங்கி சாமி கும்பிட்டோம். விபூதியை விரல்ல பூசிக்கினான். பன்னெண்டு மணிக்கு விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிப்போய், தொட்டா துடிச்சான். ரெண்டு வலி மாத்திரை வாங்கிக் குடுத்தேன்.

சாப்பாட்டுக் கடையில உக்காந்தோம். அவனால சோத்தைப் பிசைய முடியல. நான்தான் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு ஊட்டி விட்டேன். பக்கத்து டேபிள்காரன் வேடிக்கை பாத்தான். எங்க மச்சான் எனக்கு அப்பா மாதிரின்னு மயிலு அவன்கிட்ட சொன்னான்.

அங்கேர்ந்து திருமுக்கூடல். ஆத்து மணல்ல உக்காரவச்சு ஈரத்துணி சுத்தி விட்டேன். உள்ளங்கை உப்பி, தோலு பளபளன்னு, விரலு ஒண்ணு ஒண்ணும் தனியா விறைச்சு நின்னுச்சு. ரெண்டரைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாமா மச்சான்னு கேட்டான். வண்டி சூடாயிருக்குது, ஆறட்டும்னேன். மூணு மணிக்கு மறுபடி கேட்டான். அப்ப அழுதுட்டான். நெத்தி நெருப்பா கொதிச்சுது. சங்கரி ஆரணியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தா, அவன் செல்லுக்குப் போன் பண்ணா. நான்தான் எடுத்தேன். நல்லா சாப்பிட்டுட்டு நிழல்ல தூங்கறான்மா, எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம்ணா தூங்கட்டும்னா. அவன் என் பக்கத்துல, வலது கையை இடது கையால பிடிச்சுக்கினு மணல்ல முன்னாடியும் பின்னாடியும் ஆடிக்கினு இருந்தான்.

நாலரைக்குத்தான் வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு வேலிகாத்தான் முள்ளு குத்திடுச்சுன்னேன். டீசல் வாசனை வருதேன்னு அந்த டாக்டரம்மா மோந்து பாத்தாங்க. மெக்கானிக் கைமா, அப்படித்தான் இருக்கும்னேன். மயிலு ஜுரத்துல பேத்திக்கினு கிடந்தான், மறுத்துச் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்ல. நாலாம் நாள் உசுரு போயிடுச்சு. விஷம் ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. அதுக்குள்ள கை முழங்கை வரைக்கும் கறுத்து, தோல் வழண்டு, ரூம்ல நிக்க முடியாத நாத்தம். சங்கரி அந்த நாத்தத்துலயே நாலு நாளும் தலைமாட்டுல உக்காந்திருந்தா. செத்தப்புறம் அறுத்துப் பாத்தப்போ உள்ள டீசல் இருந்துச்சாம். அதனாலதானே நீங்க வந்தீங்க.

இன்னும் ஒண்ணு இருக்குது. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன்.

முதல் நாளே, சாயங்காலம் ஆறரை மணிக்குப் பெரிய டாக்டரு வந்து பாத்தாரு. முழங்கைக்குக் கீழ இப்பவே எடுத்துட்டா ஆள் பொழைச்சுக்குவான், காலை வரைக்கும் தள்ளிப் போடக் கூடாதுன்னு சொன்னாரு. சங்கரி விஷயம் கேட்டு ஆரணியிலேர்ந்து பஸ்ல வந்துக்கினு இருந்தா. மயிலுக்கு அப்ப கொஞ்சம் நினைவு இருந்துச்சு. டாக்டரு அவன்கிட்டயே கேட்டாரு. அவன் என்னைப் பாத்தான்.

"எங்க மச்சானைக் கேளுங்க சார்"ன்னான். "அவரு சொல்றபடி செய்யுங்க. என் கையைப் பத்தி அவருக்குத்தான் தெரியும்."

டாக்டரு பேப்பரையும் பேனாவையும் என்கிட்ட நீட்டினாரு. நான் வாங்கல. அவன் கைவேலைக்காரன் சார், கையை எடுத்துட்டா பொழைப்பு போயிடும், மருந்துலயே பாருங்கன்னேன். அவரு மூணு தடவை சொன்னாரு. நானும் மூணு தடவை அதையேதான் சொன்னேன். சங்கரி வந்து கேட்டப்போ, பயப்பட ஒண்ணுமில்லையாம்மா, ஊசி போட்டிருக்காங்கன்னேன். காலையில அவ விவரம் தெரிஞ்சுக்கினு டாக்டரு கால்ல விழுந்தா. இனிமே வெட்டிப் பிரயோஜனம் இல்லம்மான்னு சொல்லிட்டாரு.

கையைத்தானே எடுக்கணும்னு நெனைச்ச, அவங்களே எடுக்கறோம்னப்போ ஏன் வேணாம்னேன்னு பாக்கறீங்க. நியாயந்தான். நானும் அந்தப் பேனாவைப் பாத்துக்கினு கொஞ்ச நேரம் யோசிச்சேன். கை இல்லாம வந்தா அவன் வீட்டுல சும்மா கிடக்கற ஆளு இல்ல சார். ஒர்க்‌ஷாப்ல சேர் போட்டு உக்காந்துக்குவான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இந்த நாசில் ஒழுகுது, அந்தப் பிரஷரை ஏத்துன்னு சொல்லுவான். லாரிக்காரங்க அவனைச் சுத்தி நின்னுக்கினு ஆமா மயிலு ஆமா மயிலும்பாங்க. அவன் சொல்லச் சொல்ல, நான் இந்த வயசுல ஸ்பானரைப் பிடிச்சுக்கினு அவன் வாயைப் பாத்துக்கினு நிக்கணும். அந்தக் கண்றாவியை என் தங்கச்சியால பாத்துக்கினு இருக்க முடியுமா சார், நீங்களே சொல்லுங்க.