ஜெபமாலை சார் படித்துச் சொல்லாத கடிதம்

பங்குச் சாமியார் அவர்களே, வாசகசாலைத் தலைவர் வீரய்யா அவர்களே, கலங்கி அமர்ந்திருக்கும் கீரனூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டு குமாஸ்தாவாக இருந்து, ஊர் திரும்பி, கடல் தாண்டப்போகும் நமக்கெல்லாம் அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலி சொல்லித்தந்து, இப்போது நம்மை விட்டுப் போய்விட்ட ஜெபமாலை சாரைப் புகழ வந்திருக்கிறேன். பெண்பிள்ளைகளுக்கு எதற்கு அந்தப் பாஷை என்று கேட்காத ஒரே ஆண்மகன்! அவரைத்தான் நான் எட்டு மாதம் நம்பவில்லை. இதை மறைத்துவிட்டு எப்படிப் புகழ்வேன்?

என் வீட்டுக்காரருக்கு வேலை மொம்பாசாவில். போன வருஷம் லீவு முடிந்து அவர் கப்பலேறியபின், விட்டுப்போன சட்டைப் பையில் ஒரு சுவாஹிலிக் கடிதம் இருந்தது. பெண் கையெழுத்து! கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"நான் படிச்சுச் சொன்னா நம்புவியா, தாயி?"

"மாட்டேன் சார். நீங்களும் ஆம்பளைதானே."

"அப்ப நீயே படி. நாளைக்கு வகுப்புக்கு வா."

ஏன் இழுத்தடிக்கிறார்? யாரைக் காப்பாற்றுகிறார்? இந்த நினைப்போடுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

'பார்த்தேன்' என்று நாம் சொல்லும்போது, பார்த்த ஆள் சொல்லின் கடைசியில் வருகிறார். சுவாஹிலியில் ஆள்தான் முதலில். சார் கரும்பலகையில் நாலு கட்டம் போடுவார்: யார், எப்போது, யாரை, என்ன. 'அ-லி-கு-ஓனா.' 'அ' ஆள், 'லி' நடந்து முடிந்தது, 'கு' உன்னை, 'ஓனா' பார்ப்பது.

"அந்த 'அ' அவனா, அவளா சார்?"

"ரெண்டுக்கும் அதேதான்."

"ஆம்பளைகளுக்கு ரொம்ப வசதியான பாஷை!"

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்!

எட்டாம் மாதம் கடிதத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் படித்தேன். எழுதியவள் அங்கே பக்கத்து வீட்டுக்காரி. 'மகளுக்கு அம்மை இறங்கியதா? தந்தி வந்த அன்று நீ அழுததை நாங்கள் மறக்கவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டி வா. நானும் என் கணவரும் உன் அறைக்குச் சுண்ணாம்படித்து வைத்திருக்கிறோம்.'

"சரியாப் படிச்சிருக்கேனா சார்?" என்று ஓடினேன்.

"என்னைக் கேக்காத. நீதான் நம்ப மாட்டியே!"

பெரியோர்களே, என் கப்பலுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை இந்த வகுப்பு நிற்காது. நான் எடுப்பேன்!

இன்று காலை, சார் இறந்தது தெரியாமல் கறம்பக்குடியிலிருந்து மீனம்மாள் என்ற பெண் ஒரு கடிதத்தோடு வந்தாள். "நீங்களாவது படிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். மாட்டேன் என்றேன். "நீங்களும் மறைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதோ, கடைசி வரிசையில் இன்னும் என்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வா, மீனம்மா. முதல் பெஞ்சு உனக்கு.