தீயில் போட்ட கோட்டு

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஊரில் அந்நியத் துணி எரிப்பு நடந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"ஏம்புள்ள, பெட்டியில குடுக்கறதுக்கு எங்கோட்டு மட்டுந்தான் இருந்துச்சா?"

"எஞ்சீலையெல்லாம் நம்ம தறியில நெய்ததாச்சுங்களே. உங்க கோட்டுதானுங்க சீமைத்துணி."

"கல்யாண ஊட்டுல உங்கப்பாரு கேப்பாரே, நாஞ் சீராக் குடுத்த கோட்டு எங்கீங்க மாப்பிளேன்னு?"

"நாட்டுக்குக் குடுத்துட்டேன்னு நிமுந்து சொல்லுங்க. மொழங்கையில நாந்தானுங்க செவப்புத் துண்டு வெச்சு ஒட்டுப் போட்டேன். எரியறப்ப எனக்கே அழுகை வந்துருச்சு."

"நீ பாத்தியா?"

"பாக்காமயா? மொதல்ல பத்துனதே அதுதானுங்க."

"நல்லா எரிஞ்சுதா?"

"சொக்கப்பனையாட்டங்க!"

அவர் சமாதானமாகிவிட்டார்.

அன்று வீடு வீடாகத் துணி சேர்த்த தொண்டர்களில் நானும் ஒருவன். அந்தக் கோட்டை நெருப்பில் போடாமல் நானே வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அதைத்தான் போட்டிருந்தேன். கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அந்த அம்மாளின் பொய்யும் வெளிப்பட்டுவிடுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மல்லசமுத்திரத்தில் இறங்க வேண்டியவன், அவர்களைத் தாண்டி இறங்கப் பயந்து, சிவப்பு ஒட்டைக் கையால் மூடியபடி, சித்திரை வெயிலில் வியர்த்து வழியச் சேலம் வரை போனேன்.