வகுத்தல் கணக்கும் தலைவலியும்

...தலவலியாம்ணே! பத்து வயசுல! குடும்பத்தச் சொமக்கிற எனக்கு வரல, பாண்டி ஆடுற எம்மக கழுதைக்கு வந்துருச்சு. பாருங்க, ஆசுபத்திரி செவுத்துல எப்புடிச் சாஞ்சு கெடக்குன்னு. ஒங்க பையனுக்கு என்ன, காதுவலியா? ம்... அது நோவு. இது நடிப்பு.

காலையில நல்லாத்தான் இருக்கும். ரொட்டி தின்னும், தங்கச்சியோட மல்லுக்கட்டும். நா ஐஸ் கம்பெனியில ராத்திரி வேல முடிச்சு, காஜா பேராங்ல வீடு வரைக்கும் சைக்கிள மிதிச்சு வந்து, "சந்திரமதி, சிலேட்ட எடு"ம்பேன். அவ்ளதான்! தல வலிக்குதாம், வெளிச்சம் கூசுதாம். நேத்து வாந்தி வேற.

எங்க வீட்டம்மா கோகிலா, அவ ஒரு வைத்தியச்சி! சுக்க அரைச்சு நெத்தியில பத்து போடுறா. பள்ளிக்கொடத்து வாத்தியாரு கண்ணாடி வாங்கணுங்கிறாரு. ஊர்ல அத்தன பேரும் மேதாவி!

அடுத்த வாரம் இங்கிலீஸ் பள்ளிக்கொடத்துக்கு ஆள் எடுக்குற சோதனண்ணே. வெள்ளக்காரன் போயி மெர்டேக்கா வந்து ரெண்டு மாசமாச்சு, இனிமே நம்ம புள்ளைங்களும் ஆபீஸ்ல உக்காரலாங்கிறாங்க. ஐஸ்கட்டி இழுக்கிறவன் மகளும் உக்காரட்டுமே! ஆனா இவளுக்கு வகுத்தல் வரமாட்டேங்குது. தலவலி மட்டும் வருது.

நேத்து கிளினிக்ல மருந்து குடுக்குற டிரெஸ்ஸரு தலயத் தடவிட்டு, "உச்சியில பொடச்சிருக்கே, எங்க விழுந்துச்சு?"ங்கிறான். எங்கயும் விழலய்யா! கேட்டானா? பெரிய டாக்டர்ட்ட காட்டுன்னு தொரத்திட்டான். பொடப்பாம்... அட, குட்டுண்ணே! தப்புக்கு ஒரு குட்டு. குட்டாம யாரு படிச்சா? எங்க வாத்தியாரு குட்டாத குட்டா? எனக்கென்ன ஆச்சு? படிப்பு மூணாவதோட நின்னுச்சு... அது வேற.

எத்தனயா? தப்பப் பொறுத்து. முந்தாநாளு ஒரு பதினாலு இருக்கும். இந்த மோதிரக் கையாலயான்னா? மோதிரம் கழலாதுண்ணே, ஐஸ்தண்ணியில ஊறி ஊறி வெரல் வீங்கிக் கெடக்கு.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? பையனையும் தூக்கிக்கிட்டு... அங்க காத்து வருதா?

இந்தா, நம்மளக் கூப்புடுறாங்க. எந்திரி சந்திரா. தல கலஞ்சு கெடக்கு, இரு, ஒதுக்கி வுடுறேன்... ஏ புள்ள! ஏன் ரெண்டு கையாலயும் தலய மூடிக்கிற? சும்மாதான கை வருது...

சும்மாதான் வருது புள்ள.