நான்காவது ஓட்டம்

ஓட்டப் பயிற்சி பெரிய விஷயமில்லை, விசில் ஊதினால் பிள்ளைகள் ஓடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறவளுக்குத் தம் வேண்டும். நான்கு நிமிடம் ஓடவிட்டு, மூன்று நிமிடம் நடக்கவிட்டு, மறுபடி ஓடவிடுவேன். ஓரத்தில் ஆடுகிறவளுக்குப் பாய்ச்சல் வேண்டும். முப்பது வினாடி முழுவேகம், பிறகு ஓய்வு. யாருக்கு எது என்று தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை. டாக்குரியாவில் எங்கள் பெண்கள் அணிக்குப் பதினோரு வருடமாக அதைச் செய்கிறேன். என் பெயர் வீரராகவன். அணியின் கமிட்டி கேட்டதால் நடந்ததை எழுதித் தருகிறேன்.

மாதங்கி நடுக்களத்தில் ஆடுபவள். இருபது வயது. அப்பா சந்தானம் லேக் மார்க்கெட் பக்கம் இட்லி மாவும் அப்பளமும் விற்கிறார். மாநில அணித் தேர்வில் அவள் இடம் நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் இல்லாவிட்டால் அடுத்து நிற்பவள் என் மகள் வித்யாலக்ஷ்மி.

மார்ச்சில் மாதங்கிக்குப் பின்தொடைத் தசை லேசாகக் கிழிந்தது. பிள்ளைகள் இந்த ஊர் வங்காள வழக்கப்படி தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பிஸியோ ராஜம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்: மெதுவாக ஓடலாம், இன்னும் ஆறு வாரம் முழுவேகம் கூடவே கூடாது. அவர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்வது நான்தான்.

மறுநாள் காலை மற்ற நடுக்களப் பெண்களை நீள ஓட்டத்துக்கு அனுப்பினேன். மாதங்கியை மட்டும் கோட்டில் நிறுத்தினேன்.

"சார், ஸ்பிரிண்ட்டா? பின்பக்கம் இன்னும் இழுக்கறதே. ராஜம் தீதி என்ன சொன்னா?"

"சரியாயிடுத்துன்னு எழுதியிருக்கா. பயப்படாம ஓடு. தேர்வுல வேகத்தைத்தான் பார்ப்பா."

அவள் நம்பினாள். சிரித்துக்கொண்டே போய் நின்றாள்.

ஆறாவது ஓட்டத்தில் கிழியும் என்று கணித்திருந்தேன். நான்காவதிலேயே கிழிந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நான் பக்கத்தில் போனதும், "ஸாரி சார்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

தசைநார் எலும்பிலிருந்து கழன்றிருந்தது. ஆபரேஷன் ஆகியும் அவளால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பளம் கட்டிக் கொடுக்கிறாள். சந்தானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவேள், அவ தலையெழுத்து" என்றார். நான் தலையாட்டினேன்.

வித்யா தேர்வுக்குப் போகவில்லை. என் போனில் ராஜத்தின் செய்தியைப் படித்துவிட்டாள். அதைக் கமிட்டிக்கு அனுப்பியதும் அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

"எனக்காகவாப்பா இதப் பண்ணினே?"

"உனக்காகத்தான்."

அறைக்குள் போய்விட்டாள்.

வித்யாவிடம் சொன்னது பொய்யில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபின் ஒன்றை மறைப்பது நியாயமில்லை. பிப்ரவரியிலேயே அவளுக்கு நியூ டவுனில் வேலை கிடைத்திருந்தது. "இந்த சீசனோட நிறுத்திக்கறேன்ப்பா, எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவே இல்ல" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். மாதங்கியின் இடம் காலியானால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தேன்.

இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.