எட்டுப் பாட்டும் விட்ட வரியும்

பிரபின்,

உன் கடிதத்தில் தேதி இல்லை. செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்ததால் அன்றைய தேதியை மூலையில் நானே குறித்து வைத்துக்கொண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையால் கடிதம் எழுதுவதே பெரிய காரியம். குறையாகச் சொல்லவில்லை.

நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். என் தங்கை ஸ்ரீப்ரியாவின் பாட்டுகளில் முடிந்துபோன எட்டையாவது ஆல்பமாக வெளியிடலாமா என்பது ஒன்று. பிப்ரவரியில் மேடையில் அவளுக்கு என்ன ஆயிற்று என்பது மற்றது. நீ தாளத்தை வேகமாக வைத்ததால்தான் அவளுக்கு நாக்குப் பிறழ்ந்ததோ என்று ஆறு மாதமாக மருகுவதாகவும், கிடாரைத் தொடுவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். உன் தாளத்தில் பிழை இல்லை. செய்யாத குற்றத்தை ஒருவன் சுமந்துகொண்டு திரிவது முறையல்ல. ஆகவே இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து, மலையாளம் எழுதத் தெரியாத தமிழ் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான் என்பது உனக்குத் தெரியும். தக்கலையில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். மார்ஜின் விட்டு, பொருள் குறிப்பிட்டு, பாரா பிரித்து எழுத அங்கேயே பழகிவிட்டது; மலையாள எழுத்து இங்கே வந்து கற்றது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது ஸ்ரீப்ரியாவுக்கு ஏழு வயது, எனக்கு இருபத்திரண்டு. கரமனை வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் பள்ளிக்கூடத்தில் ரக்ஷகர்த்தா என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். எனக்குப் பெண் பார்க்க இரண்டு இடம் வந்தது. போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் போகவில்லை.

அவள் ராப் பாட ஆரம்பித்தபோதும் நான் எதிர்க்கவில்லை என்பதை நீ ஒத்துக்கொள்வாய். துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு மைக் வைக்க ஆணி அடித்துக் கொடுத்தது யார்? நீ அவளுக்கு வாசிக்கும் ரெகே தாளம் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் காலால் தட்டினால் அவள் சிரிப்பாள்.

"அண்ணா, எல்லாரும் அடிக்குற எடத்துல நீயும் அடிச்சா அது பஜனை. விட்ட எடத்துல அடி."

விட்ட இடத்தில் அடிப்பது என் தொழிலுக்கு ஒத்துவராது என்றேன். அதையே ஒரு பாட்டில் வைத்தாள். முடியாத ஒன்றையும் சேர்த்து ஒன்பது பாட்டும் அவளைப் பற்றித்தான். அவளுக்குள்ளே நடப்பதை அவளே உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும். பழுதில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

போன அக்டோபரில் ஒருநாள் பயறு ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஆல்பம் வந்த ஒடனே நான் எர்ணாகுளம் போயிருவேன், கேட்டியா. பிரபின் வீடு பாத்தாச்சு. ஒனக்கும் எனக்குச் சோறு வச்சு வெளம்புக பாடு தீரும், அல்லே?"

நல்லது என்றேன். பயறு முழுவதையும் ஆய்ந்து முடித்தேன்.

அடுத்த வாரம் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம், அவர் மேல் தப்பில்லை. இரண்டு பக்கத்தில் விவரம் எழுதியிருந்தேன். தங்கை சரியாகத் தூங்குவதில்லை, அலமாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசுகிறாள், பேச்சு அதிவேகம். ஒன்றும் பொய்யில்லை. கூடவே பாட்டு வரிகளை மலையாளத்தில் பெயர்த்து இணைப்பாக வைத்தேன். டாக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"நான் வெள்ளத்துல நிக்கேன், கரை தெரியல்லே" என்று ஒரு வரி உனக்கு ஞாபகம் இருக்கும். நம் ஆட்களுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். ஒரு ஆள் 'வெள்ளத்திலாணு' என்றால் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். எத்தனையோ பேர் மனுவில் இந்தச் சொல்லை நான் திருத்தியிருக்கிறேன். அன்று திருத்தவில்லை. மலையாள எழுத்தில் 'வெள்ளத்தில்' என்றே எழுதினேன். டாக்டர் அதில் விரலை வைத்து, தினமும் உண்டோ என்று கேட்டார். தினமும் உண்டு என்றேன். நான் சொன்னது பாட்டை.

ஏழாவது பாட்டில் இப்படி வரும். "ஒருத்தன் எழுதுகான் எழுதுகான் எனக்க தலைக்குள்ளே, பேனாச் சத்தம் நிக்கல்லே நிக்கல்லே." இதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தேன். டாக்டர் அதன் கீழே இரண்டு கோடு போட்டார். அதற்கு அடுத்த வரியை நான் சேர்க்கவில்லை. தாளில் இடம் இல்லை.

அவளை அழைத்துவரச் சொன்னார். வரமாட்டாள், பாத்திரத்தை எறிவாள் என்றேன். இது ஒன்று மட்டும் பொய். மூன்றாம் தடவை போனபோது சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டில் கலக்கலாம், ஒரு மாதத்துக்குள் எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்றார். மருந்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. காலையில் கட்டன் சாயாவில் விட்டுக் கொடுத்தேன். பிறகு நான் அந்த டாக்டரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் கொடுக்கிறார்கள்.

ஜனவரியிலேயே அவளுக்கு வேகம் குறைந்தது. "நாக்கு வேற ஆளுக்க நாக்கு மாதிரி இருக்கு, அண்ணா" என்றாள். வெயிலாக இருக்கும் என்றேன். நீ இரண்டு தடவை அவளுக்காகத் தாளத்தை மெதுவாக்கியதும் எனக்குத் தெரியும். மேடையன்று நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். முதல் பாட்டு பாதியில் நின்றது. மறுபடி எடுத்தாள், மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஒருவன் "சேச்சி, உறங்கியோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாயோரம் வழிந்த எச்சிலை அவள் புறங்கையால் துடைத்ததை அத்தனை வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டோவில் வரும்போது, நமக்குள்ளது இவ்வளவுதான் போல, தீர்ந்துபோச்சு என்றாள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் தோளில் கைபோட்டுக்கொண்டேன். ஏழு வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என் மடியில் தலை வைத்தாள்.

ஆகவே, உன் தாளத்தில் பிழை இல்லை.

நீ அனுப்பிய எட்டுப் பாட்டையும் நேற்று கடை மாடியில் கேட்டேன். ஏழாவதில், நான் சேர்க்காமல் விட்ட வரி வந்தது. "அது நிண்ணு போனா எனக்கு வீடில்லே." அவள் சொன்ன பேனா என் பேனாதான். மொழிபெயர்த்த அன்றைக்கே எனக்கு அது தெரியும். எழுத்தில் வாசிப்பது வேறு, அவள் குரலில் கேட்பது வேறு. மனு எழுதக் காத்திருந்த ஒருவரை நாளைக்கு வரச்சொல்லிக் கீழே அனுப்பிவிட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

இனி முதல் கேள்வி. பாட்டை வெளியிடுவது பற்றி அவளிடம் கேட்டேன். "ஏது பாட்டு?" என்றாள். பிறகு, நீயே எழுதிக்கோ என்றாள். சம்மதமில்லை என்று எழுதி இணைத்திருக்கிறேன். கை நடுங்குவதால் கையெழுத்துப் போட அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். வேறு குறை ஒன்றும் இல்லை. மனுத் தாள்களை மடித்து அடுக்கித் தருகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

ஓணத்துக்கு வந்து அவளை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். தாராளமாக வா. காலையில் சாயா குடித்த பிறகு வா. இந்த வீட்டில் அவளை யாரும் பிடித்து வைக்கவில்லை, பிரபின். கதவு திறந்துதான் கிடக்கிறது. அவளாகத்தான் போகாமல் இருக்கிறாள்.

சிவதாணு